காற்று தள்ளுது, ஆனா தொடைதான் வலிக்குது

பாய்மரப் படகுப் போட்டின்னா காற்று தள்ளும், ஆள் சும்மா உட்கார்ந்து சுக்கானைப் பிடிச்சுட்டுப் போவார்னுதான் ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் லேசர் ரேடியல் படகு ஓட்டியபோது எடுத்த படங்களைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. எல்லாரும் படகுக்கு வெளியே, தண்ணீருக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

காரணம் எளிமையானது. காற்று பாயைத் தள்ளினால் படகு சாயும். சாய்ந்தால் வேகம் போச்சு. லேசர் படகின் எடையே சுமார் 59 கிலோதான். அடியில் கனமான எடையும் கிடையாது. நிமிர்த்த இருக்கும் ஒரே எடைக்கல், ஓட்டுபவரின் உடம்பு. பாதங்களைக் கால்பட்டைக்குள் மாட்டிக்கொண்டு பின்னால் சாய வேண்டும்.

பள்ளியில் படிச்ச திருப்புத்திறன் கணக்குதான் இது: எடை × தூரம். படகின் நடுக்கோட்டிலிருந்து 80 கிலோ ஆளின் எடைமையம் 1 மீட்டர் தள்ளியிருந்தால் என்ன பலன் கிடைக்குமோ, அதே பலனுக்கு 64 கிலோ ஆள் 1.25 மீட்டர் தள்ளியிருக்கணும். அந்தக் கால் மீட்டருக்கு விலை கொடுப்பது தொடையின் முன்பக்கத் தசை. அது ஓடும்போது மாதிரி சுருங்கி விரிவதில்லை, இறுகியே இருக்கும். இறுகிய தசைக்குள் ரத்த ஓட்டம் குறையும், சீக்கிரம் எரிய ஆரம்பிக்கும். நாற்காலி இல்லாமல் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து பாருங்க, ஒரு நிமிஷத்தில் புரிஞ்சிடும். இவர்கள் ஒரு நாளில் இரண்டு மூன்று பந்தயங்கள் இப்படித் தொங்குகிறார்கள். நடுவே கயிற்றை இழுத்துக்கொண்டே, அடுத்த காற்று எங்கிருந்து வருதுன்னு யோசிக்கவும் வேணும்.

அதனால் உடம்புக்கேற்ற படகு வேணும். ரேடியலின் பாய் 5.76 சதுர மீட்டர். அதே படகில் ஆண்கள் வகைக்கு 7.06. அந்தப் பெரிய பாய்க்குச் சுமார் 80 கிலோ உடம்பு பொருந்தும். ஃபின் என்ற கனமான படகுக்கு 90 கிலோவுக்கு மேல் தேவை. பிரிட்டனின் பென் ஐன்ஸ்லி 2000-ல் லேசரில் தங்கம் வென்றார். பிறகு வேணும்னே எடையை ஏற்றி ஃபினுக்கு மாறி, 2004, 2008, 2012 என்று மூன்று தங்கம் வென்றார்.

டோக்கியோவோடு ஃபின் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. ஐன்ஸ்லி எடையை ஏற்றினார். இப்போ இயல்பிலேயே 95 கிலோ இருக்கிறவர் தனியாளாக ஓட்ட லேசர்தான் மிச்சம். அதற்கு அவர் இளைக்கணும். எந்தப் படகு என்று முடிவு செய்யும்போதே, எந்த உடம்பு என்பதும் முடிவாகிவிடுகிறது.