ஏரியில் படகேறுமுன்

விடுமுறை வந்ததும் நம் மல்காஜ்கிரிக் குடும்பங்கள் குழந்தைகளுடன் ஹுசேன் சாகரில் படகேறச் செல்வது வழக்கம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். விலங்குகளைக் காணப் பயணிகள் ஒருபுறமாகத் திரண்டபோது படகு நிலைகுலைந்தது. ரயிலில் அனைவரும் ஒரே சன்னலுக்கு ஓடினாலும் தண்டவாளம் பொறுக்கும், நீர் பொறுப்பதில்லை. 2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹர்னி ஏரியில் 12 மாணவரும் 2 ஆசிரியைகளும் மாண்டனர். அளவுக்கு மீறி ஏற்றியிருந்தனர். பலருக்கு லைஃப் ஜாக்கெட்டே இல்லை.

பெரியோர் ஜாக்கெட்டைப் பிள்ளைக்கு மாட்டுவதும் வீணே. நீரில் அது தலைவழியே கழன்றுவிடும். வாரை இறுக்கியபின் தோளருகே பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை எழும்பினால் சிறியதொன்று கேளுங்கள். வேறோர் ஊர் ஏரியில் என் மகளுக்குத் தந்தது அவ்வாறே எழும்பிற்று. சிறியது இல்லை என்றனர். கரையில் வேர்க்கடலை தின்று திரும்பினோம். வீடு வரும்வரை அவள் என்னோடு பேசவில்லை.