இறப்பர் பைக்கும் வயதுண்டு

மாரி இறங்கிக் கடல் குமுறத் தொடங்கியதும் கிழக்கிலங்கையின் பாலமுனை வீடுகளில் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து சில பொருட்கள் கீழே வரும். தடித்த போர்வை, குடை, அவற்றோடு ஒரு இறப்பர் சுடுதண்ணிப் பை. அதன் நிறமும் அது வாங்கப்பட்ட ஆண்டும் வீட்டில் பெரும்பாலும் எவருக்கும் நினைவிருக்காது.

ஐரோப்பாவில் இந்தப் பை படுக்கையைச் சூடாக்க உதவுகிறது. அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர் என்று நீளும் இந்தக் கரையில் படுக்கையைச் சூடாக்கும் அளவுக்குக் குளிர் கிடையாது. இங்கே அது வலிக்கு மருந்து. வெள்ளாமைக்காரரின் நாரிப்பிடிப்பு, தோணி தள்ளியவரின் தோள் உளைவு, பெண்பிள்ளைகளின் மாதவிடாய் வலி, உம்மம்மாவின் முழங்கால் என்று எல்லாவற்றுக்கும் ஒத்தணம் கொடுக்க அதைத்தான் தேடுகிறார்கள். முன்னர் சூடாக்கிய செங்கல்லும், வறுத்த உப்பும் தவிடும் கட்டிய துணி முடிச்சும் செய்த வேலையை இப்போது இந்தப் பை செய்கிறது.

அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், மாதவிடாய் வலியுள்ள பெண்களின் அடிவயிற்றில் ஏறக்குறைய 39 பாகை செல்சியஸ் சூடு தரும் பட்டி தொடர்ந்து வைக்கப்பட்டது. இபுபுரூஃபன் மாத்திரை தந்த நிவாரணத்தை அந்தச் சூடும் தந்தது. 39 பாகை என்பது காய்ச்சல்காரரின் உடம்புச் சூடு, அவ்வளவுதான். “கொதிக்கக் கொதிக்க வைத்தால்தான் கேட்கும்” என்று நம்பிக் கேத்தலை அப்படியே பையில் கவிழ்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய எண் இது.

சூடு எந்த இடத்தில் சுடுகையாக மாறுகிறது என்பதற்கும் விடை உண்டு. நரம்பு நுனிகளில் உள்ள ஒரு புரதம் ஏறக்குறைய 43 பாகையைத் தாண்டும்போது கிளர்ந்து, எரிகிறது என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகிறது. கொச்சிக்காயின் உறைப்பை உணர்வதும் அதே புரதம்தான். உறைப்புச் சத்தைத் துணையாகக் கொண்டு 1997இல் அதைக் கண்டறிந்தவர் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ். 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை ஆர்டெம் படபூட்டியனோடு அவர் பகிர்ந்துகொண்டார். பை சுடுகிறது என்று தோல் சொன்னால் உடனே எடுத்துவிட வேண்டும், பொறுத்துக்கொள்வதால் கூடுதல் குணம் கிடைக்காது.

பையின் கதைக்கு வருவோம். குரோஷியாவின் சாக்ரெப் நகரில் வாழ்ந்த ஸ்லாவோல்யூப் பென்காலா என்ற பொறியியலாளர் 1903இல் ‘டெர்மோஃபோர்’ என்ற சுடுநீர்ப் பைக்குக் காப்புரிமை பெற்றார். இயந்திரப் பென்சிலுக்காகவும் பேசப்படுபவர் அவர். பையின் மூலப்பொருளில் இலங்கைக்கும் பங்குண்டு. 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுசேர்த்த இறப்பர் விதைகளில் முளைத்த கன்றுகள் அதே ஆண்டில் இங்கே அனுப்பப்பட்டு, கம்பஹாவின் ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவில் நடப்பட்டன. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மலைச்சரிவுகளின் தோட்டங்கள் அதற்குப் பின் வந்தவை.

மரத்துப் பால் மட்டும் பையாகிவிடாது. வெறும் இறப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதிப்படும் என்பதை 1839இல் கண்டவர் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர். இறப்பரின் நீண்ட சங்கிலிகளுக்கு இடையே கந்தகம் முடிச்சுப் போடுகிறது. அதனால்தான் பை இழுத்தால் நீள்கிறது, விட்டால் பழைய நிலைக்கு வருகிறது. காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும், வெயிலும் சூடும் அந்தச் சங்கிலிகளை நாளடைவில் அறுக்கின்றன. பாவிக்காமல் அலுமாரியில் கிடக்கும் பையும் இதற்குத் தப்பாது. வெளியே மினுமினுப்பாக இருக்கும், மடிப்பில் மட்டும் மயிரிழை போன்ற வெடிப்பு ஓடும். பை பிளப்பது பெரும்பாலும் அந்த மடிப்பில், அல்லது கழுத்தும் உடலும் சேரும் இடத்தில். அப்போது உள்ளே இருப்பது ஒரு லீற்றருக்கு மேற்பட்ட சுடுநீர்.

ஆகவே வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பையின் வயதை. பிரித்தானியாவில் சுடுநீர்ப் பைகளுக்கென ‘பீ.எஸ். 1970’ என்ற தர நிர்ணயம் உண்டு. அதன்படி செய்யப்பட்ட பையின் கழுத்தருகே, இறப்பரிலேயே பொறித்த சிறிய பூவொன்றைக் காணலாம். பூவின் நடுவே உள்ள இலக்கம் ஆண்டைக் குறிக்கும். 24 என்றிருந்தால் 2024. சுற்றிலும் உள்ள 12 இதழ்கள் 12 மாதங்கள். இதழுக்குள் உள்ள புள்ளிகள் வாரங்கள். புள்ளியுள்ள இதழ்களில் கடைசி இதழ் எதுவோ அதுதான் பை செய்யப்பட்ட மாதம். வெளிச்சத்தில் சரித்துப் பிடித்துப் பார்க்கலாம், விரலால் தடவியும் வாசிக்கலாம். இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை பையை மாற்றும்படி பாதுகாப்பு ஆலோசனைகள் கூறுகின்றன. செய்து இரண்டு வருடமான பையைக் கடைக்காரர் புதிதென்று தந்தாலும் அது பழையதுதான். பூவும் இல்லை, திகதியும் இல்லை என்றால் அந்தப் பையை வாங்காமல் விடுவதே நல்லது.

பாமசி வாசலில் வெயில் படத் தொங்கும் பையையும் தவிர்க்கலாம். பெட்டிக்குள் இருப்பதைக் கேட்டு வாங்கி, கழுத்தை மடித்துப் பார்க்க வேண்டும். கையில் பிசுபிசுப்போ வெடிப்போ இருக்கக் கூடாது. வாய் அகலமாக இருந்தால் நீர் ஊற்றும்போது கையில் தெறிப்பது குறையும். மூடியின் புரி நன்றாகப் பிடிக்கிறதா, உள்ளே வாஷர் இருக்கிறதா என்பதும் முக்கியம். வீட்டுக்கு வந்ததும் முதலில் பச்சைத் தண்ணீர் நிரப்பித் தலைகீழாகப் பிடித்து மெல்ல அமுக்கினால் கசிவு தெரிந்துவிடும்.

நிரப்புவதிலும் ஒரு முறை இருக்கிறது. கொதித்த நீர் ஒரு பங்கு, குடத்துத் தண்ணீர் ஒரு பங்கு என்று கலந்தால் ஏறக்குறைய 65 பாகை வரும். உறையிட்ட பைக்கு அது தாராளம். இரண்டு லீற்றர் பையென்றால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 1.3 லீற்றர் போதும். கழுத்தைப் பிடித்து மெதுவாக ஊற்றி, நீர் வாய்வரை தெரியும் மட்டும் பையை மெல்ல அமுக்கிக் காற்றை வெளியேற்றிய பிறகே மூடியைத் திருக வேண்டும். காற்று நின்றால் பை உப்பி, உடம்போடு படியாமல் வழுகும். மேலே படுப்பதும் உட்காருவதும் கூடவே கூடாது. வேலை முடிந்ததும் நீரை வடித்து, மூடியைக் கழற்றித் தலைகீழாக நிழலில் காயவிடலாம்.

எண்ணெய் இறப்பருக்கு எதிரி. முறிவு நெரிவு வைத்தியரின் எண்ணெயைப் பூசி, அதன்மேல் பையை வைப்பது இங்கே வழக்கம். எண்ணெய் இறப்பருக்குள் ஊறி அதை உப்பவைத்து இளக்கிவிடும். பாம் பூசிய தோலில் சூடு வைத்தாலோ தோலே வெந்துபோகலாம். தடித்த துவாயில் தைத்த உறை அவசியம். மருதமுனைக் கைத்தறிச் சாரன் பழையதாகிக் கிடந்தால், அதை இரண்டு மூன்று மடிப்பாக மடித்துத் தைத்தாலே நல்ல உறை கிடைக்கும்.

எல்லா வலிக்கும் பை பொருந்தாது. கால் பிரண்டு வீங்கிய முதல் இரண்டு நாள் குளிர் ஒத்தணமே ஏற்றது. காய்ச்சலோடு வயிறு வலித்தால் பையைத் தேடாமல் வைத்தியரிடம் போக வேண்டும், அது குடல்வால் அழற்சியாக இருக்கக்கூடும்.

பை வெடிக்காமலே சுடும் என்பதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மொரிட்ஸ், ஹென்ரிக்கஸ் இருவரும் செய்து 1947இல் வெளியிட்ட ஆய்வின்படி, 60 பாகைச் சூடு ஐந்து விநாடியில் தோலைப் புண்ணாக்கும். 44 பாகையும் ஆறு மணி நேரத்தில் அதே காயத்தைச் செய்யும். இரவு முழுக்கப் பையைக் கட்டிக்கொண்டு உறங்குபவர் அந்த ஆறு மணி நேரத்தைக் கடந்துவிடுகிறார். நாள்தோறும் ஒரே இடத்தில் வைத்தால் தோலில் வலைபோலப் பழுப்புக் கோடுகள் படரும்.

எல்லோரையும்விட ஆபத்தில் இருப்பவர்கள் சூட்டை உணர முடியாதவர்கள். சீனி வருத்தம் பல வருடம் நீடித்தால் கால் நரம்புகள் மரத்துப்போகும். பாதம் குளிர்கிறது, விறைக்கிறது என்று அவர்களே பையைக் கேட்பார்கள். சுடும்போது எச்சரிக்க வேண்டிய நரம்பு பேசாது. விடியும்போது பாதத்தில் கொப்புளம் எழும்பியிருக்கும், சீனிக்காரரின் காலில் அது ஆறாப் புண்ணாகும் வாய்ப்பு அதிகம். அவர்களின் பாதத்துக்குப் பை வேண்டவே வேண்டாம், பருத்திக் காலுறை போதும். சத்திரசிகிச்சை செய்து பிள்ளை பெற்ற தாய்க்குத் தழும்பைச் சுற்றி மாதக்கணக்கில் உணர்வு குறைந்திருக்கும். நாற்பது நாளுக்குள் வயிற்றுக்கு ஒத்தணம் கொடுக்க விரும்பும் மாமிமார் இதை மனதில் வைத்திருப்பது நல்லது.

பச்சைப் பிள்ளையின் அருகே பையை வைக்கவே கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலும் அதைத் தடுக்கிறது. பிள்ளைக்குக் குளிரென்றால் தாயின் நெஞ்சோடு தோல் பட அணைத்து மேலே போர்த்தினால் போதும். கொலம்பியாவின் போகோட்டா நகரில் வைத்தியர் எட்கார் ரே 1978இல் தொடங்கிய அந்த முறையை இன்று உலகெங்கும் வைத்தியசாலைகள் பின்பற்றுகின்றன.

தவறிச் சுட்டுவிட்டால் நனைந்த உடுப்பையும் நகையையும் கழற்றி, ஓடும் பச்சைத் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். பற்பசை, எண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். பின்னர் சுத்தமான துணியால் மூடி வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். பாலமுனையில் வைத்தியசாலை உண்டு, பெரிய காயமென்றால் அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலையோ கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையோ இருக்கிறது. வாகனம் கிடைக்காவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசு வாங்காமல் வந்து ஏற்றிச் செல்லும்.