சாந்திவனம்

சாந்திவனம் அல்லது சச்சிதானந்த ஆசிரமம் என்பது தமிழ்நாட்டின் கரூர் மாவட்டத்தில், குளித்தலைக்கு அருகே தண்ணீர்பள்ளி என்னும் ஊரில், காவிரிக் கரையில் அமைந்துள்ள கத்தோலிக்கத் துறவற ஆசிரமம் ஆகும். இது 1950 ஆம் ஆண்டு மார்ச் 21 ஆம் நாள் ஜூல்ஸ் மோன்சானின், ஹென்றி லெ சோ என்னும் இரு பிரெஞ்சுக் குருக்களால் தொடங்கப்பட்டது. கிறித்தவத் துறவு வாழ்வை இந்தியச் சந்நியாச மரபின் வழியில் வாழ்வது இதன் நோக்கமாகும். தொடக்க ஆண்டுகளில் நிலையான உறுப்பினர் எவரும் சேராதபோதும் இவ்வாசிரமம் கைவிடப்படவில்லை. இதனால் கிறித்தவ மரபு கூறும் நிலைத்திருத்தல், ஆன்மிக ஒழுக்கம் ஆகிய கருத்துகளை விளங்கிக்கொள்ள இதன் வரலாறு உதவுகிறது.

நிலைத்திருத்தல் என்னும் கருத்து

புதிய ஏற்பாட்டில் பவுல், நம்பிக்கை வாழ்வைப் பந்தயத்தில் ஓடுபவரின் பயிற்சியோடு ஒப்பிடுகிறார் (1 கொரிந்தியர் 9:24-27). துன்பத்திலிருந்து மனவுறுதியும், மனவுறுதியிலிருந்து தகைமையும் எதிர்நோக்கும் பிறப்பதாக உரோமையர் திருமுகம் (5:3-5) கூறுகிறது. இதன்படி நிலைத்திருத்தல் என்பது இயல்பாக அமையும் குணம் அன்று, பழக்கத்தால் வளர்வது.

4 ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவிகள், இதற்கு எதிரான மனநிலையை 'அக்கேடியா' என்று அழைத்தனர். பகற்பொழுது நீண்டுகொண்டே போவதாகவும், இருக்கும் இடம் பயனற்றதாகவும், வேறிடம் சென்றால் நலம் என்றும் தோன்றும் சோர்வு இது. இதனை விரிவாக விளக்கிய எவாக்ரியஸ் (இறப்பு 399), துறவி தன் குடிலை விட்டு வெளியேறாமல் இருப்பதே இதற்கு மருந்து என்றார். 6 ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் (ஆசீர்வாதப்பர்) எழுதிய துறவற ஒழுங்கில், தாம் சேர்ந்த குழுவிலேயே நிலைத்திருக்கும் வார்த்தைப்பாடு இடம்பெற்றது. இறைவேண்டல், உழைப்பு, வாசிப்பு ஆகியவற்றுக்கு நாளின் பொழுதுகள் பகுக்கப்பட்டன. மார்ச் 21 இப்புனிதரின் திருநாளாகக் கொண்டாடப்பட்டு வந்த நாள் ஆகும்.

முன்னோடிகள்

1606 இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி, சந்நியாசியின் உடையையும் உணவு முறையையும் மேற்கொண்டார். சீர்திருத்தத் திருச்சபையினரிடையே, சவரிராயன் ஏசுதாசன், எர்னெஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்னும் இரு மருத்துவர்கள் 1921 இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர்.

தோற்றம்

மோன்சானின் (1895-1957) பிரான்சின் லியோன் மறைமாவட்டக் குரு. 1939 இல் இந்தியாவுக்கு வந்து, திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்தில் குளித்தலை முதலிய ஊர்களில் பணியாற்றினார். லெ சோ (1910-1973) பிரித்தானி பகுதியைச் சேர்ந்த பெனடிக்ட் சபைத் துறவி. மோன்சானினுடன் கடிதத் தொடர்பு கொண்டு 1948 இல் இந்தியாவுக்கு வந்தார். 1949 இல் இருவரும் திருவண்ணாமலை சென்று இரமண மகரிசியைக் கண்டனர். இச்சந்திப்பு லெ சோவிடம் ஆழ்ந்த தாக்கத்தை ஏற்படுத்தியது.

ஆசிரமத்தைத் தொடங்கியபோது இருவரும் காவியுடை அணிந்து புதிய பெயர்களை ஏற்றனர். மோன்சானின் பரம அரூபி ஆனந்தம் எனவும், லெ சோ அபிஷிக்தேஸ்வரானந்தா எனவும் பெயர் பெற்றனர். பிற்காலத்தில் லெ சோ அபிஷிக்தானந்தா என்றே அறியப்பட்டார். குடிசைகளில் தங்கி, மரக்கறி உணவு உண்டு, தரையில் அமர்ந்து வாழ்ந்தனர்.

சோதனைக் காலம்

நிறுவனர்கள் எதிர்பார்த்தவாறு இந்தியத் துறவிகள் வந்து சேரவில்லை. வந்த சிலரும் தங்கவில்லை. உடல்நலம் குன்றியவரான மோன்சானின், இந்நிலையிலும் தண்ணீர்பள்ளியிலேயே வாழ்ந்தார். 1957 இல் சிகிச்சைக்காகப் பாரிஸ் அழைத்துச் செல்லப்பட்ட அவர், அவ்வாண்டு அக்டோபர் 10 அன்று அங்கே காலமானார். அவர் வாழ்நாளில் ஆசிரமம் வளர்ச்சி காணவில்லை.

லெ சோவின் சோதனை வேறு வகையானது. அருணாசலக் குகைகளில் பலமுறை தங்கித் தியானம் செய்த அவர், அத்வைத அனுபவத்துக்கும் கிறித்தவ நம்பிக்கைக்கும் இடையே நெடுங்காலம் போராடினார். அவர் இறந்த பின்னர் வெளியிடப்பட்ட நாட்குறிப்பு இப்போராட்டத்தைப் பதிவு செய்கிறது. இமயமலைப் பகுதியின் தனிமையை நாடிய அவர், 1968 இல் சாந்திவனத்தை விட்டு உத்தரகாசிக்கு நிலையாகச் சென்றார். எனினும் துறவையும் குருத்துவத்தையும் இறுதிவரை கைவிடவில்லை. ஓரிடத்தில் நிலைத்திருப்பதும், ஏற்ற அழைப்பில் நிலைத்திருப்பதும் எப்போதும் ஒன்றாக அமைவதில்லை என்பதை இவ்விருவர் வாழ்வும் காட்டுகின்றன.

பீட் கிரிஃபித்ஸ் காலம்

1968 இல் ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் (1906-1993), கேரளத்தின் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து இரு துறவிகளுடன் வந்து பொறுப்பேற்றார். இவர் காலத்தில் ஆசிரமம் வளர்ந்து, பல நாட்டினரும் வந்து தங்கும் இடமாயிற்று. 1980களின் தொடக்கத்தில் இது பெனடிக்ட் மரபின் கிளையான கமால்தோலி சபையுடன் இணைந்தது. கிரிஃபித்ஸ் 1993 மே 13 அன்று சாந்திவனத்தில் காலமானார்.

அன்றாட ஒழுங்கு

கிரிஃபித்ஸ் காலத்தில் உருப்பெற்ற அன்றாட முறையின் முதன்மைக் கூறுகள் பின்வருமாறு:

* சூரிய உதயத்தின்போதும் மறைவின்போதும் தியானம்
* காலை, நண்பகல், மாலை என மூவேளைப் பொது இறைவேண்டல்
* நாள்தோறும் திருப்பலி. அதில் நீர், மலர், தூபம், தீபம் ஆகியவற்றைப் பயன்படுத்துதல்
* திருவிவிலியத்துடன் உபநிடதங்கள் முதலிய பிற சமய நூல்களையும் வாசித்தல்
* காலையில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு இடுதல்

தியானம் ஒருவரது உள்ளநிலைக்கு ஏற்பக் கூடவோ குறையவோ செய்யலாம்; ஆனால் அதற்குரிய வேளை மாறுவதில்லை. ஆர்வம் குறைந்த நாள்களிலும் பயிற்சி அறுபடாமல் இருக்க இம்முறை துணைசெய்கிறது.

விமர்சனங்கள்

இந்து சமய அடையாளங்களைக் கிறித்தவர் கையாள்வது குறித்து இருதரப்பிலும் எதிர்ப்பு எழுந்தது. இது மதமாற்றத்திற்கான உத்தி எனச் சீதாராம் கோயல் 1988 இல் வெளியிட்ட நூலில் சாடினார். கத்தோலிக்கருள் ஒரு சாரார், இது திருச்சபை மரபைக் குலைப்பதாகக் கருதினர். பிற சமயத்திலிருந்து கற்றுக்கொள்வதே தம் நோக்கம் என்பது கிரிஃபித்ஸின் நிலைப்பாடாக இருந்தது.