தங்கத்துக்குக் கணக்கு உண்டு, தொழிலாளர் ஆயுளுக்கு?

புதுதில்லி: 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் கோலார் தங்க வயலைத் தோண்டத் தொடங்கியபோது, மேற்பார்வை ஐரோப்பியருக்கு என்றும், பாறை உடைப்பது பெரும்பாலும் வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து சென்ற தமிழ் தலித்துகளுக்கு என்றும் ஆயிற்று. சிலிக்கா தூசியும் அவர்கள் பங்குக்கே வந்தது.

நுரையீரலை இறுகச் செய்யும் சிலிகோசிஸ் நோய், தூசியை விட்டு விலகிய பின்னும் முற்றும். மத்திய அரசின் பாரத தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. நோய் தொழிலாளருடன் வீடு திரும்பியது.

அந்த மரணங்களை தில்லி எந்த ஏட்டில் தேடும்? மாதிரிப் பதிவுத் திட்ட அறிக்கை இறப்பு விகிதத்தை மாநிலம், பாலினம், வயது வாரியாகத் தருகிறது. சாதி வாரியாக அல்ல. வேறோர் ஆய்வில் சாதி கேட்கப்பட்டதால்தான், தலித் பெண்கள் உயர்சாதிப் பெண்களைவிட சராசரியாக 14.6 ஆண்டுகள் முன்னதாக இறப்பதை ஐ.நா. மகளிர் அமைப்பு 2018-இல் கூற முடிந்தது.

எடுத்த தங்கத்துக்குக் கணக்கு உண்டு. எடுத்தவர் ஆயுளுக்கும் கணக்கு வேண்டும்.