பினாயில் வாசனைக்கு மதிப்பெண் இல்லை

ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்ததும் பினாயில் நெடி மூக்கில் ஏறினால், 'பரவாயில்லை, சுத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்' என்று நினைத்துக்கொள்கிறோம். ஆய்வுக்கு வருகிறவர்கள் வாசனையை நம்புவதில்லை. வாளித் தண்ணீரைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். அது கலங்கிக் கிடந்தால், பினாயிலை எவ்வளவு ஊற்றினாலும் மாப் அழுக்கைத் தரை முழுக்கப் பூசிவிட்டுத்தான் போகும்.

இந்தியாவின் அரசு மருத்துவமனைகளில் சுத்தத்தை மதிப்பிடுவதற்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. பெயர் 'காயகல்ப்'. மத்திய சுகாதார அமைச்சகம் 2015 மே 15 அன்று தொடங்கியது. முதலில் மருத்துவமனை தன்னைத் தானே மதிப்பிட்டுக்கொள்ளும். அடுத்து வேறொரு மருத்துவமனையின் குழு வந்து பார்க்கும். கடைசியாக வெளி மதிப்பீட்டாளர்கள். ஒவ்வொரு அம்சமும் முழுமையாக இருந்தால் 2 மதிப்பெண், அரைகுறையாக இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. விருதுக்குக் குறைந்தது 70 சதவீதம் வேண்டும்.

வார்டில் எதைப் பார்ப்பார்கள்?

துடைக்க மூன்று வாளி வேண்டும். ஒன்றில் கிருமிநாசினிக் கரைசல், மற்ற இரண்டிலும் மாப்பை அலச வெறும் தண்ணீர். உள்ளேயிருந்து வாசலை நோக்கி ஒரே திசையில் துடைத்துக்கொண்டு வர வேண்டும். நோயாளிகள் இருக்கும் இடத்தில் துடைப்பத்துக்கு இடமில்லை. உலர்ந்த தரையைப் பெருக்கினால் தூசியோடு கிருமியும் கிளம்பி அடுத்த கட்டிலில் போய் உட்காரும்.

தரையைவிடக் கை படும் இடங்கள் முக்கியம்: கட்டிலின் பக்கக் கம்பி, டிரிப் ஸ்டாண்ட், ஸ்விட்ச், கதவுப் பிடி, குழாய்த் திருகு. கம்பியின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டிப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

பிறகு குப்பைக் கூடைகள். 2016-இன் மருத்துவக் கழிவு விதிகளின்படி, இரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் பையில். டிரிப் குழாய், கையுறை போன்ற பிளாஸ்டிக் சிவப்பில். ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில். கண்ணாடி மருந்துக் குப்பிகள் நீலக் குறியிட்ட பெட்டியில். மஞ்சள் பைக்குள் ஓர் ஊசி கிடந்தால் அது சின்னத் தவறு அல்ல. அந்தப் பையைத் தூக்கப்போகிற தொழிலாளியின் கையில் அது குத்தும்.

கண்ணால் பார்த்தால் போதாதா?

போதாது. ஆய்வு என்று தெரிந்தால் அன்று காலையில் எந்த வார்டும் பளபளக்கும். அதனால் நான்கு வழிகளில் சரிபார்க்கிறார்கள்: நேரில் பார்ப்பது, ஊழியரைக் கேட்பது, பதிவேட்டைப் புரட்டுவது, நோயாளியிடம் விசாரிப்பது. கழிப்பறைக் கதவில் தொங்கும் அட்டையில் ஏழு நாள் டிக்கும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் போட்டதுபோல் இருந்தால் கேள்வி எழும். "கை கழுவத் தெரியுமா?" என்று கேட்பதைவிட "கழுவிக் காட்டுங்கள்" என்றால் உண்மை தெரியும். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவசரத்தில் விட்டுப்போவது கட்டைவிரலும் விரல் நுனிகளும்தான்.

1847-இல் வியன்னா நகரப் பிரசவ வார்டில், பிணப் பரிசோதனை முடித்து வரும் மருத்துவர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்று அங்கிருந்த மருத்துவர் செம்மல்வைஸ் கட்டாயப்படுத்தினார். தாய்மார்களின் சாவு வெகுவாகக் குறைந்தது. கையைச் சோதிப்பதற்கு அதுவே காரணம்.

நான்கு வழிகளில் ஏமாற்றக் கடினமானது கடைசி வழி. "தினமும் துடைக்கிறாங்களா பாட்டி?" என்று கேட்கும்போது, "இன்னிக்குத்தாம்மா இவ்வளவு சுத்தம்" என்று பாட்டி சொல்லிவிட்டால், தரை எவ்வளவு மின்னினாலும் அந்த 2 மதிப்பெண் கைக்கு வராது.