உளவளத்துணையாளர்களே, உங்கள் அறிமுகக் குறிப்பை யாருக்காக எழுதுகிறீர்கள்?

சென்ற வருடம் தரம் 10 மாணவன் ஒருவனின் உம்மா இடைவேளை நேரத்தில் ஆசிரியர் ஓய்வறைக்கு என்னைத் தேடி வந்தார். மகன் ஆறு வாரமாகப் பாடசாலைக்கு வரவில்லை. காலையில் சீருடையைப் போட்டதும் வயிற்றுவலி, வாந்தி. இரண்டு டொக்டர்மாரிடம் காட்டியாயிற்று, உடம்பில் ஒன்றுமில்லை என்றார்கள். மௌலவியிடம் ஓதிப் பார்த்ததும் ஆயிற்று. "இது மனசோட சம்பந்தப்பட்டதா இருக்கலாம், ஒரு உளவளத்துணையாளர்கிட்டப் பேசிப் பாருங்க" என்றேன். யாரிடம் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரேயொருவர் வெளிநாடு போய்விட்டிருந்தார். ஒன்லைனில் உளவளத்துணையாளர்களின் பெயர்ப்பட்டியல்கள் இருக்கின்றன, தமிழ் பேசுபவர்களைத் தேடிப் பாருங்கள் என்று ஓர் இணைப்பை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துக் கடைத்தெருவில் அவரைக் கண்டேன். "பார்த்தன் டீச்சர். எல்லாரும் ஒரே மாதிரித்தான் எழுதி வெச்சிருக்காங்க. யாருக்கு எடுக்கிற எண்டு விளங்கல்ல. பயமாவும் இருந்திச்சு, விட்டுட்டன்" என்றார். அவர் யாருக்கும் எடுக்கவில்லை. அந்த வருடம் முழுவதும் பிள்ளை வகுப்புக்கு வரவேயில்லை.

அன்றிரவு அந்தப் பட்டியலை நானே திறந்து 14 பேரின் அறிமுகங்களை வாசித்தேன். 'தகைமை வாய்ந்த, அனுபவமிக்க உளவளத்துணையாளர்.' 'முழுமையான, சேவைநாடியை மையப்படுத்திய அணுகுமுறை.' பிறகு பட்டங்கள், டிப்ளோமாக்கள், கலந்துகொண்ட செயலமர்வுகள். பிறகு பதகளிப்பு, மனச்சோர்வு, மன அழுத்தம், குடும்பப் பிணக்கு, போதைப்பாவனை, துயர் என்று இருபதுக்கும் மேற்பட்ட பிரச்சினைகளின் வரிசை. ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் உளவியல் படித்த எனக்கே ஒருவரிலிருந்து மற்றவரைப் பிரித்தறிய முடியவில்லை. அந்த உம்மா என்ன செய்வார்?

இது நினைவில் இருக்கும்போதுதான் என் பழைய மாணவி ஒருத்தி தொடர்பு கொண்டாள். உளவியலில் பட்டம் முடித்து, மேற்பார்வையின் கீழ் பயிற்சியும் முடித்து, சொந்தமாக ஓர் அறை எடுத்திருந்தாள். "டீச்சர், பட்டியலில போடுறதுக்கு ஒரு குறிப்பு எழுதியிருக்கன். தமிழைக் கொஞ்சம் திருத்தித் தாங்க" என்றாள். தமிழில் பிழை எதுவும் இருக்கவில்லை. குறிப்புத்தான் பிழையாக இருந்தது. மூன்று இரவு போனில் இருந்து அதை மாற்றி எழுதினோம். அதில் நான் விளங்கிக்கொண்டவற்றை, இத்துறையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில், வாசிப்பவர் யார் என்று யோசிக்க வேண்டும். அவர் ஆறுதலாக இருந்து வாசிப்பவரல்ல. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவைத்து, போனில் தேடுகிறவர். யாராவது எழும்பிவிட்டால் உடனே மூடிவிடுவார். சைக்கோலஜி டுடே என்ற அமெரிக்க இதழ் நடத்தும் பெயர்ப்பட்டியலைப் பாருங்கள். தேடல் பக்கத்தில் ஒவ்வொருவரின் படமும் பெயரும், அறிமுகத்தின் முதல் சில வரிகளும் மட்டுந்தான் தெரியும். மிகுதியை வாசிக்க வேண்டுமென்றால் பெயரை அழுத்தி உள்ளே போக வேண்டும். ஆகவே அந்த முதல் இரண்டு வரிகளில் உங்கள் பட்டம் இருந்தால் அவர் காண்பது உங்கள் பட்டத்தை. அவருடைய இரவு அதில் இருந்தால் அவர் காண்பது தன்னை.

என் மாணவியின் முதல் வரி இப்படி இருந்தது: 'அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் விசேட பயிற்சி பெற்ற நான், தனிநபர்களின் உளநல மேம்பாட்டுக்காகப் பணியாற்றி வருகிறேன்.' கலாசாலையில் பாடக்குறிப்பு எழுதப் பழக்கும்போது, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும் என்று விரிவுரையாளர்கள் சொல்லிச் சொல்லியே எங்களைக் களைக்க வைப்பார்கள். அதையே அவளுக்குச் சொன்னேன். "மகள், அந்த உம்மாக்குத் தெரிஞ்சது என்ன? பிள்ளை காலையில வாந்தியெடுக்கிறது. அதில இருந்து தொடங்கு." மாற்றிய வரி இது: 'உங்கள் பிள்ளை காலையில் பாடசாலைக்குப் போக மறுக்கிறதா? உடம்பில் ஒன்றுமில்லை என்று டொக்டர் சொல்லியும் வயிற்றுவலி நிற்கவில்லையா? பிள்ளை நடிக்கவில்லை. இப்படியான பிள்ளைகளுடனும் அவர்களின் பெற்றோருடனும்தான் நான் அதிகமாக வேலை செய்கிறேன்.' சிகிச்சை முறையின் பெயரைக் கீழே நான்காவது பத்திக்குக் கொண்டுபோனோம், அதுவும் 'பயத்தைச் சிறு சிறு படிகளாகக் குறைக்கும் முறை' என்ற விளக்கத்தோடு.

பாடசாலை செல்லும் பிள்ளைகளையும் இளம் தாய்மாரையும் மட்டும் எழுதச் சொன்னபோது அவள் தயங்கினாள். "மத்த ஆக்கள் வரமாட்டாங்களே டீச்சர்?" என்றாள். இந்தப் பயம் நியாயமானது, வாடகை கட்ட வேண்டுமே. ஆனால் எல்லாம் பார்ப்பேன் என்பவரிடம் தன் பிரச்சினை இருப்பவர் போவதில்லை. பல்வலிக்குப் பல் டொக்டரைத் தேடும் அதே மனந்தான் இங்கும். இருபது பிரச்சினைகளை வெட்டி நான்காக்கினோம்.

சொற்களைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். நமது பாடநூல்களில் 'பதகளிப்பு' என்று இருக்கிறது. என் வாழ்நாளில் எந்த உம்மாவும் "எனக்குப் பதகளிப்பாக இருக்கிறது" என்று சொல்லிக் கேட்டதில்லை. நெஞ்சு படபடக்குது, மூச்சு அடைக்குது, கை கால் விறைக்குது, யோசினை நிற்குதில்லை, நித்திரை வருதில்லை என்றுதான் சொல்வார்கள். தேடும்போதும் அதையேதான் தட்டுவார்கள், பலர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவார்கள். மக்கள் வாயில் இருக்கும் சொல் உங்கள் குறிப்பில் இல்லையென்றால் தேடலில் நீங்கள் அகப்படுவது கஷ்டம், அகப்பட்டாலும் வாசிப்பவருக்கு ஒட்டாது. மொழியையும் தெளிவாகப் போடுங்கள். தெற்கிலும் மத்திய மாகாணத்திலும் வீட்டில் தமிழும் படிப்பில் சிங்களமுமாக வளர்ந்த நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டும் கலந்து பேசலாம் என்று ஒரு வரி இருந்தால் அவர்களுக்கு எவ்வளவு ஆறுதல்!

படம் பற்றி எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. பட்டியல்களில் படமில்லாத இடத்தில் ஒரு சாம்பல் உருவம் நிற்கும், அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். என் மாணவி ஹிஜாபுடன் ஒரு படம் போடச் சம்மதித்தாள். பட்டமளிப்பு உடையில் எடுத்ததைத்தான் முதலில் அனுப்பினாள், வேண்டாம் என்றேன். சாதாரண உடையில், தன் அறையில், நேரே பார்த்துக்கொண்டிருக்கும் படம் போதும். முகம் காட்ட விரும்பாத சகோதரிகள் தங்கள் அறையின் படத்தைப் போடலாம். இரண்டு கதிரை, ஒரு ஜன்னல், மேசையில் தண்ணீர்ப் போத்தல். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததுதானே பயத்தில் பாதி.

மார்க்கத்தை எங்கே வைப்பது? அவளுடைய குறிப்பில் அபூ ஸெய்த் அல்-பல்கீ இருந்தார். 934இல் மறைந்த அந்த அறிஞர் உடலின் ஆரோக்கியத்தையும் உள்ளத்தின் ஆரோக்கியத்தையும் ஒரே நூலில் எழுதியவர். எனக்கும் அவர்மீது பெரிய மரியாதை உண்டு. ஆனால் நித்திரையில்லாத ஒருவருக்கு இரவு 1 மணிக்கு அவர் தேவையில்லை என்று வெட்டிவிட்டேன். அவருக்குத் தேவை வேறு. தொழுகையும் ஈமானும் குறைந்ததால்தான் இது வந்தது என்று இங்கேயும் ஏசுவார்களா? நான் ஓதிப் பார்க்கப் போனதைச் சொன்னால் சிரிப்பார்களா? இந்த இரண்டு பயமும் நம் மக்களிடம் ஒரே நேரத்தில் இருக்கின்றன. அதற்கு ஒரு வரி எழுதினோம்: 'உங்கள் இபாதத்தையும் ஓதிப் பார்ப்பதையும் விடச் சொல்லமாட்டேன். உங்கள் ஈமானை அளக்கவும் மாட்டேன்.' 'இஸ்லாமிய உளவளத்துணை' என்று தலைப்பில் போடுபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அதற்கு என்ன பயிற்சி பெற்றீர்கள் என்பதையும் போடுங்கள். விளம்பரத்துக்கு அந்தச் சொல்லைப் பிடிப்பது அழகில்லை.

இரகசியம் பேணுதல் என்ற இரு சொல் நம் ஊர்களுக்குப் போதாது. ஒரு முச்சக்கர வண்டி எந்த வாசலில் நின்றது என்பது அஸருக்கு முன்னமே தெரு முழுக்கத் தெரிந்துவிடும் ஊர்கள் இவை. 'அங்கொடை' என்ற ஊர்ப்பெயர் இன்னும் ஏச்சாகவே இருக்கிறது. ஆகவே விளக்கமாக எழுத வேண்டும். நீங்கள் சொல்வது என்னிடம் அமானிதம். கல்யாண வீட்டில் கண்டால் நானாக வந்து பேசமாட்டேன். அடுத்தடுத்து வருபவர்கள் சந்திக்காதபடி நடுவில் அரை மணி நேரம் விட்டிருக்கிறேன். ஸூமிலும் பேசலாம். எல்லையையும் சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றாலோ, பிள்ளையொன்று துன்புறுத்தப்படுகிறது என்றாலோ நான் மௌனமாக இருக்க முடியாது, அதை முதலில் உங்களிடம் சொல்லிவிட்டே அடுத்ததைச் செய்வேன். இதை எழுதினால் ஆட்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று அவள் நினைத்தாள். ஒளித்துவைத்துப் பிறகு சொல்வதைவிட இது மேல்.

கட்டணத்தை மறைப்பவர்களே அதிகம். 'தொடர்பு கொள்ளவும்' என்று போட்டால், கேட்டு வாங்க முடியாமல் போனால் வெட்கம் என்று பலர் எடுக்கவே மாட்டார்கள். ஓர் அமர்வு எத்தனை நிமிடம், எவ்வளவு, குறைத்துக் கொடுக்கும் இடங்கள் உண்டா என்று எழுதிவிடுங்கள். முதல் நாள் என்ன நடக்கும் என்பதையும் நாலு வரியில் எழுதுங்கள். யாருடன் வரலாம், பிள்ளையைக் கட்டாயம் கூட்டி வர வேண்டுமா, அழுதால் பரவாயில்லையா என்பதெல்லாம் சின்ன விடயங்களாகத் தெரியலாம். அந்த உம்மாவைத் தடுத்தது இப்படியான சின்ன விடயங்கள்தான்.

தகைமை விடயத்தில் நான் கண்டிப்பாக இருந்தேன். உளமருத்துவர் என்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவுள்ள வைத்தியர், மருந்து எழுதுவார். உளவளத்துணையாளர் மருந்து எழுத முடியாது. இந்த வித்தியாசம் நம்மில் பலருக்குத் தெரியாது. தெரியாமையைப் பயன்படுத்திக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். மூன்று நாள் பயிற்சிச் சான்றிதழோடு 'நிபுணர்' என்று போடும் குறிப்புகளை நானே வாசித்தேன். எங்கே படித்தீர்கள், எத்தனை வருடம், இப்போது யாருடைய மேற்பார்வை உண்டு என்று நேராக எழுதுங்கள். 'நூறு வீதம் குணம்' என்று எழுதாதீர்கள். குணமானவர்களின் வாக்குமூலங்களைப் போடுவதும் வேண்டாம். அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஒழுக்கக் கோவை, சிகிச்சையில் இருப்பவரிடம் அப்படியான சான்று கேட்பதைத் தடுத்திருக்கிறது. தனக்கு உதவுகிறவர் கேட்டால் மறுக்க அவரால் முடியாது அல்லவா? குறிப்பின் அடியில், உயிர் ஆபத்தான நிலையில் என் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள் என்றும் சேர்த்தோம். அதைப் போடாத குறிப்பு எனக்குப் பூரணமாகத் தெரியவில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு கூடாரங்களில்தான் 'உளவளத்துணை' என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டேன். அப்போது அவர்கள் நம்மைத் தேடி வந்தார்கள். இப்போது நாம்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது, அதுவும் தனியாக, ஒரு சின்னத் திரையில்.

குறிப்பு பட்டியலில் ஏறிய அன்று அந்த உம்மாவுக்கு இணைப்பை அனுப்பினேன். இம்முறை அனுப்பிவிட்டு இருக்கவில்லை, மாலையில் எடுத்துக் கேட்டேன். வாசித்திருந்தார். "நம்மட புள்ளையைப் பாத்து எழுதின மாதிரி இரிக்கி டீச்சர்" என்றார். பிறகு கொஞ்சம் நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இந்த நம்பருக்கு எடுத்தா யாரு டீச்சர் தூக்குவாங்க? ஆம்புளையா?" என்று கேட்டார்.

மூன்று இரவு இருந்து எழுதிய எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை. மாணவிக்குச் சொன்னேன். அவள் அன்றிரவே ஒரு வரி சேர்த்தாள்: 'இந்த இலக்கம் என் கையில் மட்டுமே இருக்கும். எடுக்கத் தயக்கமாக இருந்தால் ஒரு ஸலாம் மட்டும் வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், நீங்கள் சொல்லும் நேரத்தில் நான் எடுக்கிறேன்.'

இரண்டு நாள் கழித்து அவளுக்கு ஒரு ஸலாம் வந்ததாம். யாருடையது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.