குடலின் ஓசையும் இரு பாஷைகளும்

நோயாளியின் வயிற்றின்மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கூர்ந்து கேட்கும் வைத்தியரின் செவியில் விழுவது எந்த தேசத்திலும் சப்தமேயாயினும், லிதுவேனிய வைத்தியர் தம் குறிப்பில் பெரும்பாலும் சப்தத்தை எழுதுவதில்லை. அந்தச் சப்தத்துக்குக் காரணமான அசைவையே எழுதுகிறார். 'பெரிஸ்டால்டிகா கேட்கிறது' என்பது அங்கே சர்வசாதாரணமான பிரயோகம். உண்ட உணவையும் நீரையும் வாயுவையும் முன்னே தள்ளும் பொருட்டுக் குடற்சுவரின் தசைகள் அலையலையாகச் சுருங்கித் தளரும் இயக்கத்துக்குக் கிரேக்க வேர்களிலிருந்து அமைத்த பெயர் அது. ஆங்கில வைத்தியரோ அதே இடத்தில் 'குடல் ஓசைகள் உள்ளன' என்று, தம் காதில் விழுந்ததை மாத்திரம் எழுதி நிறுத்திக்கொள்வார். பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் இந்த வேற்றுமைதான், லிதுவேனிய மருத்துவக் குறிப்புகளை ஆங்கிலத்தில் பெயர்ப்பவருக்கு ஓயாத சங்கடத்தைத் தருகிறது.

2004-ஆம் ஆண்டில் லிதுவேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு, பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் பிழைப்புத் தேடிப் போனவர்கள் ஏராளம். வில்நியஸிலோ கௌனஸிலோ வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் லண்டன் மருத்துவமனைக்குப் போனால், அவருடைய பழைய காகிதங்களும் கூடவே போகின்றன. அந்தக் காகிதத்தின் தலைப்பிலேயே முதல் இடறல் காத்திருக்கிறது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகையில் கொடுக்கும் சுருக்கக் குறிப்பை லிதுவேனியர் 'எபிக்ரிஸே' என்பர். அதனை அப்படியே 'எபிக்ரைசிஸ்' என்று ஆங்கில உருவில் எழுதிவைத்தால், 'டிஸ்சார்ஜ் சம்மரி' என்று சொல்லிப் பழகிய ஆங்கில வைத்தியர் விழிப்பாரேயன்றி விளங்கிக்கொள்ளமாட்டார்.

குடலின் ஓசை எங்கிருந்து பிறக்கிறது என்பதைச் சற்று அறிந்துகொண்டால் மற்றவை தெளிவாகும். தசைச் சுவர் மட்டும் அசைந்தால் ஓசை எழுவதில்லை. குழாய்க்குள் நீரும் வாயுவும் கலந்து நெருக்குண்டு நகரும்போதே அது எழுகிறது. லாயனெக் என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1816-இல் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தபோது அவர் கவனமெல்லாம் நெஞ்சின்மேலேயே இருந்தது. இரைப்பையும் குடலும் எழுப்பும் ஓசைகளைக் கேட்டு முறையாக ஆராய்ந்து அமெரிக்கரான வால்டர் கானன் கட்டுரை எழுதியது 1905-இல். நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 முதல் 30 வரை ஓசை கேட்பது இயல்பு என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது வழக்கம். குடலில் அடைப்பு ஏற்பட்ட ஆரம்ப நிலையில், தடையைத் தாண்ட முயலும் குடல் மெல்லிய உலோகத்தைத் தட்டினாற்போன்ற உச்ச ஸ்தாயியில் ஒலிக்கும்; அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும், வயிற்றறைச் சவ்வு அழற்சியுற்றபோதும், குடல் அசைவற்றுப் போய் மௌனமாகிவிடும்.

ஆகவே 'பெரிஸ்டால்டிகா கேட்கிறது' என்பதை 'பெரிஸ்டால்சிஸ் கேட்கிறது' என்று சொல்லுக்குச் சொல் மாற்றினால், அசைவைக் காதால் கேட்கும் அதிசய வைத்தியர் ஒருவரை ஆங்கிலத்தில் சிருஷ்டித்தவர்களாவோம். 'குடல் ஓசைகள் உள்ளன' என்பதே தக்க பெயர்ப்பு. 'பெரிஸ்டால்டிகா வாங்கி' என்று வந்தால், தமிழ்ச் செவிக்குக் கடைக்குப் போய்வந்த விவரம்போலத் தோன்றினும், அதன் பொருள் மந்தமானது என்பதே. ஓசைகள் குறைந்திருப்பதாக ஆங்கிலத்தில் எழுதவேண்டும். இதற்கு எதிரானது 'கீவா' என்னும் சொல். உயிருள்ளது, துடிப்புள்ளது என்று பொருள்படும் இச்சொல் நம்முடைய 'ஜீவ' சப்தத்தின் உடன்பிறப்பு. சமஸ்கிருதத்தோடு லிதுவேனிய பாஷைக்குள்ள உறவுக்குப் பாஷா சாஸ்திரிகள் விருப்பத்தோடு எடுத்துக்காட்டும் உதாரணங்களில் இதுவும் ஒன்று. ஆனால் உறவின் பெருமையில் மயங்கிக் குடல் உயிரோடிருக்கிறது என்று பெயர்த்துவிடலாகாது. அறுவைச் சிகிச்சை நிபுணருக்கு அது வேறு அர்த்தம் தரும், ரத்த ஓட்டம் இழந்து அழுகாத குடல் என்பதாக. ஓசைகள் சுறுசுறுப்பாக உள்ளன என்பதே இங்கு கருத்து.

'கேட்கவில்லை' என்று எழுதியிருக்கும் இடத்தில்தான் நான் பலரோடு மாறுபடுகிறேன். அதனை 'ஓசைகள் இல்லை' என்று ஆங்கிலத்தில் எழுதிவிடுவோர் உண்டு. இல்லை என்று ஆங்கில வைத்தியர் எழுதுமுன் சில நிமிஷங்களேனும், பழைய பாடநூல்களின்படி ஐந்து நிமிஷம், பொறுமையாகக் கேட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் சம்பிரதாயம். லிதுவேனிய வைத்தியர் எவ்வளவு நேரம் கேட்டார் என்பதைக் காகிதம் சொல்லாதபோது, அவர் சொல்லாத நிச்சயத்தை மொழிபெயர்ப்பாளர் சேர்ப்பது எவ்விதத்தில் நியாயம்? கேட்கவில்லை என்பதைக் கேட்கவில்லை என்றே விடுவது நேர்மை.

அதற்காக 'பெரிஸ்டால்டிகா' கண்ட இடமெல்லாம் ஓசை என்று எழுதிவிடுவதும் பிழையே. அல்ட்ராசவுண்ட் அறிக்கையில் அச்சொல் வருமாயின், திரையில் கண்ட அசைவையே அது குறிக்கிறது. அங்கே பெரிஸ்டால்சிஸ் என்பதுதான் சரி. மெலிந்த நோயாளியின் வயிற்றுத் தோலுக்கடியில் அலை நெளிவது வெளிப்படையாகத் தெரிந்தால், அது குடல் அடைப்பின் அடையாளமாகவும் இருக்கக்கூடும்; அந்த இடத்தில் ஓசை என்று மாற்றி எழுதுவது ஆபத்தில் முடியும்.

வைத்தியரின் பாஷை இது. நோயாளியோ தம் வயிறு 'குர்கியா' என்று முறையிடுவார். வயிறு இரைகிறது என்று நாம் சொல்வதுபோல அதுவும் ஓசையைப் பார்த்துப் பிறந்த சொல். ஆங்கில வைத்திய நூல்களில் இதற்கு 'பார்பரிக்மை' என்னும் கிரேக்க ஆடம்பரம் ஒன்றுண்டு. நோயாளி சொன்னதாக எழுதியிருக்கும் இடத்தில் அந்த ஆடம்பரம் வேண்டாம். வீட்டில் பேசும் சாதாரண ஆங்கிலச் சொல்லே பொருந்தும்.

அசைவைச் சொல்லி ஓசையை உணர்த்தும் இவ்வழக்கு லிதுவேனியருக்கு மட்டும் உரியதன்று. ருஷ்ய, போலிஷ் குறிப்புகளிலும் உண்டு. கிரேக்க வேரில் பிறந்த இச்சொல்லை ஏற்றுக்கொண்டதால் லிதுவேனியர் தம் பாஷையை அலட்சியம் செய்தவரென்று எண்ணலாகாது; அவர்களுடைய வைத்தியர்களே அதற்காக உழைத்தவர்கள். லத்தீன் எழுத்தில் லிதுவேனிய நூல் அச்சிடுவதை ஜார் அரசு 1864 முதல் 1904 வரை தடைசெய்திருந்தபோது, அண்டை நாட்டில் அச்சாகிக் கள்ளத்தனமாக உள்ளே வந்த பத்திரிகைகளில் இரண்டை முன்னின்று நடத்திய பஸனாவிச்சியஸும் குதிர்காவும் தொழிலால் வைத்தியர்களே.

வயிற்று ஓசையின் பயனைப் பற்றி இன்று வைத்தியர்களிடையே முன்போல ஒருமித்த நம்பிக்கை இல்லை; ஒரே வயிற்றைக் கேட்டு இருவர் வெவ்வேறு முடிவு சொல்வதும் உண்டு. அறுவைச் சிகிச்சைக்குப் பின், வாயு பிரிந்ததா, உண்டது தங்கியதா என்பதையே பலர் பெரிதாகக் கொள்கின்றனர். ஆயினும் அந்த ஒற்றை வரி குறிப்புகளிலிருந்து மறையவில்லை. அதைப் பெயர்க்க நேர்பவர்கள், அகராதியைத் திறக்குமுன், வைத்தியர் அதைக் காதால் கேட்டாரா, கண்ணால் கண்டாரா என்று காகிதத்தை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். அப்போதும் தெளியாவிட்டால், எழுதிய வைத்தியரையே கேட்டுவிட வேண்டும்.